செகண்ட் ஹேண்ட் ஃபைபர் போட்டு வாங்கலாம்னு இருக்கேன், பெயிண்ட்ட பாத்து ஏமாறாம இருக்க என்ன பாக்கணும்?

டோல்கேட் பையன்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போறவன் தான், இப்ப தான் மொத தடவ கேள்வி போடுறேன், தப்பா இருந்தா திட்டாதீங்க.

எங்க தாத்தா கட்டுமரம் போனவரு. அப்பா காலத்துலயே கடல விட்டாச்சு, நான் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுல சூப்பர்வைசரா இருக்கேன். பெரியம்மா பையன் எண்ணூர் நெட்டுக்குப்பத்துல இருக்கான், என்னவிட 3 வயசு சின்னவன், அடுத்தவங்க போட்டுல பங்குக்கு போறான். சின்னதா ஒரு போட்டு வாங்கி விட்டா அவன் தொழில் பாப்பான், நானும் லீவு நாள்ல கூட போவலாம்னு ஒரு ஆச. பி.எஃப் காசு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்.

ஒரு போட்டு பாத்திருக்கோம். 24 அடி ஃபைபர், 9.9 ஹெச்பி அவுட்போர்டு எஞ்சின் (போட்டு பின்னாடி வெளிய மாட்டுறது), டூ ஸ்ட்ரோக்கு, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி அப்பறம் மண்ணெண்ணெய்க்கு மாத்துற டைப்பு. எஞ்சினோட சேத்து 1,65,000 சொல்றாரு, ஒன்ற லட்சத்துக்கு எறங்குவாரு போல. போட்டு பாக்க சூப்பரா இருக்கு, நீலமும் மஞ்சளுமா புதுசா பெயிண்ட் அடிச்சி, அணியத்துல (போட்டு முன்பக்கம்) பேரு எழுதி, பொட்டு வச்சி, மால கூட போட்டிருக்காரு. போட்டோ பாத்துட்டு எங்க அம்மா "வாங்கிடுடா"ன்னு சொல்லிட்டாங்க. அதான் பயமா இருக்கு.

ஃபைபர் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கறது? எஞ்சின்ல என்ன பாக்கணும்? வாங்குன அப்பறம் மெயிண்டனன்ஸ் எவ்ளோ ஆகும்? தம்பிக்கு வல வேல தெரியும், போட்டு பராமரிப்பு அவ்ளோவா தெரியாது. எனக்கு சுத்தம்.

பழைய கட்டுமரம்:

தம்பி மொதல்ல ஒன்னு சொல்றேன், புதுசா பெயிண்ட் அடிச்ச போட்டுன்னாலே உஷாராவு. எவனும் விக்கப்போற போட்டுக்கு சும்மா பெயிண்ட் அடிக்க மாட்டான். ஒன்னு அவன் மனுசன் நல்லவன், இல்ல உள்ள எதையோ மூடிகினு கீறான், ரெண்டாவது தான் ஜாஸ்தி.

நான் காசிமேட்டுல 30 வருசமா இருக்கேன், கட்டுமரத்துல ஆரம்பிச்சி ஃபைபருக்கு வந்தவன். 2004 சுனாமிக்கு அப்பால தான் கட்டுமரமெல்லாம் கொறஞ்சி ஊர் ஊரா ஃபைபர் வந்துச்சு, அப்ப நிவாரணத்துல குடுத்த போட்டுல பாதி அவசர அவசரமா செஞ்சது, ஓடு, அதான் போட்டோட ஃபைபர் உடம்பு, பேப்பர் மாதிரி இருக்கும். அதுல சிலது இன்னும் மூணு கை நாலு கை மாறி பெயிண்ட் மேல பெயிண்ட் ஏறி சுத்திகினு கீது. அதனால மொத கேள்வி, போட்டு எந்த வருசம், எந்த யார்டுல செஞ்சது. ஆளு முழுங்கினா அங்கயே பாதி பதில் வந்துச்சு.

ரெண்டாவது கேள்வி, 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயலப்ப இந்த போட்டு எங்க இருந்துச்சு. அப்ப காசிமேட்டுல கட்டி வச்சிருந்த போட்டெல்லாம் ஒன்னோட ஒன்னு மோதி ஒடஞ்சி முழுவிப்போச்சு, என் மச்சான் போட்டும் அதுல ஒன்னு. தூக்கி ஒட்டி வித்துட்டான், தப்பா எடுத்துக்காத, அவனும் பொழைக்கணும்ல. மூணாவது, எண்ணூர் போட்டா இருந்தா 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல ஆத்துல எண்ணெய் வந்துச்சே அப்ப எங்க இருந்துச்சுன்னு கேளு. ஃபைபருக்கு பெரிசா ஒன்னும் ஆவாது, தேச்சி எடுத்துட்டாங்க, ஆனா ரப்பர், ஹோஸு, கயிறு இதெல்லாம் ஊறி கெட்டுப்போயிருக்கும்.

அப்பால போட்ட தள்ளிப் பாரு. இது தான் முக்கியம். மணல்ல ஏத்த வழக்கமா எத்தன பேரு வேணும்னு பக்கத்துல வல பின்னிகினு இருக்கறவன கேளு, போட்டுக்காரன கேக்காத. முன்ன ஆறு பேர் தள்ளினா ஏறுன போட்டு இப்ப பத்து பேர் வேணும்னா, உள்ள தெர்மாக்கோல் ஃபோம் அடச்சிருப்பாங்கல்ல மெதக்கறதுக்கு, அது பூரா தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்தத் தண்ணி வெயில்ல வச்சாலும் வராது. கவுந்தா மெதக்கவும் செய்யாது. ஃபோம் போட்டதே கவுந்தா மெதக்கத் தான்.

ரெசின் கை:

அண்ணே சொன்னது எல்லாம் கரெக்ட். நான் ஃபைபர் வேல செய்றவன், போட்டு, வாட்டர் டேங்கு, கோயில் சிலை மோல்டு எல்லாம் பண்ணுவேன். ஓடு பாக்கறத பத்தி மட்டும் நான் சொல்றேன்.

அஞ்சு ரூவா காயின் ஒன்னு எடுத்துக்கோங்க. போட்டு பூரா தட்டிகிட்டே வாங்க, ஒரு ஜான் விட்டு ஒரு ஜான். நல்ல எடத்துல டக் டக்னு கூர்மையா சத்தம் வரும். லேயர் பிரிஞ்ச எடத்துல தொப் தொப்னு செத்த சத்தம் வரும், ஒரு தடவ கேட்டா அப்பறம் மறக்கவே மாட்டீங்க. அந்த எடத்த சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. வட்டம் பத்துக்கு மேல வந்தா எழுந்து வந்துடுங்க.

மேல ஜெல்கோட்டுல (ஓட்டோட வெளிப்பூச்சு) எட்டுக்கால் பூச்சி வல மாதிரி மெல்லிசா விரிசல் இருக்கும், அத பாத்து பயப்பட வேணாம், அது எல்லா பழைய போட்டுலயும் வரும். நீட்டா ஓடுற விரிசல் தான் ஆபத்து, அதுவும் கீல் (அடியில நடுவுல நீளமா ஓடுற தண்டு) ஓரமா இல்ல அடிப்பக்கமும் சைடும் சேர்ற மடிப்புல. டிராக்டர்ல கட்டி மணல்ல இழுக்கறாங்கல்ல, கீல் தேஞ்சிகிட்டே வரும், அதனால போட்ட ஒரு பக்கமா சாய்க்க சொல்லி அடிய பாக்காம காசு குடுக்காதீங்க. சாய்க்க மாட்டேன்னு சொன்னா வேற போட்டு பாருங்க, ஊர்ல போட்டுக்கா பஞ்சம்.

இப்ப மெயின் மேட்டர். பின்பலகை, எஞ்சின் மாட்டுற எடம். அது வெளிய ஃபைபர், உள்ள பிளைவுட். எஞ்சின் போல்ட்டுக்கு ஓட்ட போட்டுட்டு சீல் பண்ணாம விட்டா தண்ணி எறங்கி மரம் உள்ளுக்குள்ளயே அழுவிடும், வெளிய பாத்தா மொழு மொழுன்னு பெயிண்ட்டோட இருக்கும். டெஸ்ட் சிம்பிள். எஞ்சின மேல தூக்கி லாக் பண்ணிட்டு, கீழ் காலப் (தண்ணியில முழுவற பக்கம்) புடிச்சி நல்லா மேலயும் கீழயும் ஆட்டுங்க, இன்னொருத்தர் பலகையையே பாக்கணும். பலகை மூச்சு விடற மாதிரி அசைஞ்சா போச்சு. சந்தேகம் தீரலேன்னா ஓனர் கிட்ட கேட்டு ஒரே ஒரு ஸ்க்ரூ கழட்டி பாருங்க. காஞ்ச மரத்தூள் வந்தா ஓகே. கருப்பா டீத்தூள் மாதிரி ஈரமா வந்தா அந்தப் பலகைய அறுத்து எடுத்து புதுசா போடணும், நல்லா செஞ்சா நாலஞ்சு நாள் வேல.

ரிப்பேர் நீங்களே பண்ணப்போறீங்கன்னா, ஓட்டைய எம்சீல் வச்சி மூடி பெயிண்ட் அடிக்கற வேல வேணாம், அது கரை வந்து சேர்ற வரைக்கும் தான். விரிசல சுத்தி நல்லா சரிவா கிரைண்ட் பண்ணுங்க, ஓடு கால் இஞ்சு கனம்னா சுத்தி மூணு இஞ்சு வரைக்கும் சரிவு போவணும், அசிட்டோன் போட்டு தொடச்சி, சின்ன மேட்டு (ஃபைபர் நார் விரிப்பு), அதுக்கு மேல பெரிய மேட்டு, அதவிட பெரிசுன்னு ஏத்திகிட்டே வரணும். 450 ஜிஎஸ்எம் மேட்டு போதும். மேட்ட ஒட்டற ரெசின் கேக்கும்போது ஐசோ ரெசின்னு கேளுங்க, கொஞ்சம் வெல ஜாஸ்தி, சாதா ரெசின விட உப்புத்தண்ணிக்கு நல்லா தாங்கும். மழக்காலத்துல செய்யாதீங்க, ஈரத்துல ஒட்டவே ஒட்டாது.

இன்னொன்னு, இது சாவற வெளயாட்டு, வெளயாட்டா எடுத்துக்காதீங்க. ரெசின் இறுகறதுக்கு ரெண்டு சாமான் கலக்கணும், கோபால்ட்டு தனியா, ஹார்டனர் தனியா. ரெண்டையும் நேரா ஒன்னோட ஒன்னு கலந்தா குபீர்னு பத்திக்கும், வெடிக்கக்கூட செய்யும். மொதல்ல கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கலக்கிட்டு அப்பறம் தான் ஹார்டனர் ஊத்தணும். ரெண்டையும் ஒரே பையில வச்சி பைக்ல கொண்டு வராதீங்க. எங்க பட்டறைல ஒரு பையன் ஒரே டம்ளர்ல ஊத்தி புருவம் போய் வந்தான், நல்ல நேரம் கண்ணு தப்பிச்சுது.

டோல்கேட் பையன்:

அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ஸ்க்ரூ கழட்டறேன்னு கேட்டா அவரு கோச்சிக்க மாட்டாரா?

ரெசின் கை:

கோச்சிக்கட்டும். ஒன்ற லட்சம் அவரா குடுக்கறாரு?

ஸ்பேனர் செட்:

எஞ்சின் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன், நான் அவுட்போர்டு மெக்கானிக் தான்.

எஞ்சின் பாக்கப் போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் மொதல்ல கவர கழட்டி சிலிண்டர் மேல கைய வைங்க, வெதுவெதுன்னு இருந்தா முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வச்சிருக்காங்க, கோல்ட் ஸ்டார்ட்ல எதோ பிரச்சன இருக்குன்னு அர்த்தம். ஜில்லுன்னு இருக்கற எஞ்சின் மூணு நாலு இழுப்புல எடுக்கணும். எடுத்ததும் எஞ்சின் பின்னாடி சின்ன ஓட்டைல இருந்து தண்ணி நூல் மாதிரி பீச்சும், அது நல்லா ஃபோர்ஸா வரணும். சொட்டு சொட்டா வந்தா இம்பெல்லர் (எஞ்சின் குளிர தண்ணி இழுக்கற சக்கரம்) போயிருக்கு இல்ல உள்ள உப்பு அடச்சிருக்கு. தண்ணி வரலேன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, ரெண்டு நிமிசத்துல பிஸ்டன் புடிச்சிக்கும். தண்ணியில வைக்காம தரையில சும்மா ஸ்டார்ட் பண்ணி காட்டறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ஒரு டிரம்ல தண்ணி ரொப்பி காலு முழுவற மாதிரி வச்சி ஓட்ட சொல்லுங்க.

கீழ கியர் பாக்ஸ்ல ஆயில் ஸ்க்ரூ இருக்கும், லேசா லூஸ் பண்ணி ரெண்டு சொட்டு விரல்ல எடுத்து பாருங்க. பால் டீ கலர்ல இருந்தா சீல் போய் தண்ணி உள்ள போயிருக்கு. இரும்புத்தூள் மினுமினுன்னு இருந்தா கியரே தேயுது, வேணாம். ரெண்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் ஒரு கேஜ் வச்சி பாக்கலாம், ரெண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா எஞ்சின் வேல கேக்கும். எஞ்சின் நம்பர் பிளேட்டு இருக்கான்னு பாருங்க, தேச்சி எடுத்திருந்தா தொடவே தொடாதீங்க, அது திருட்டு எஞ்சின்.

இன்னொரு விசயம், ஷாஃப்ட் அளவு, அதான் எஞ்சின் காலோட நீளம். ஷார்ட்டு 15 இஞ்சு, லாங்கு 20 இஞ்சு. பின்பலகை ஒசரத்துக்கு ஏத்த எஞ்சினா பாருங்க. ஷார்ட் ஷாஃப்ட்ட ஒசர பலகைல மாட்டினா அலையில ஏறி எறங்கறப்ப ஃபேன் (புரொப்பெல்லர்) காத்துல சுத்தி கத்தும், போட்டு நவுறாது.

மெயிண்டனன்ஸ் பத்தி கேட்டிங்க. ஒவ்வொரு தடவ கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில பத்து நிமிசம் ஓட்டணும், அவ்ளோ தான், பாதி செலவு அதுலயே மிச்சம். ஆனா எங்க தண்ணி, வீட்டுக்கே லாரிய எதிர்பாத்துகினு இருக்கோம்னு சொல்வாங்க. ஒரே டிரம் தண்ணிய நாலஞ்சு தடவ யூஸ் பண்ணலாம், உப்பு கரிச்சா மாத்துங்க. மண்ணெண்ணெய்ல ஓட்டினா ஆஃப் பண்றதுக்கு கொஞ்சம் முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி கார்புரேட்டர்ல இருக்கற மண்ணெண்ணெய் காலியான அப்பறம் தான் நிறுத்தணும், இல்லேன்னா மறுநாள் காலைல மூணு மணிக்கு இருட்டுல நின்னு இழுத்துகினே இருப்பீங்க. ஆயில் மிக்ஸ் எஞ்சின் பிளேட்டுல இல்ல மேனுவல்ல போட்டிருக்கும், பெட்ரோலுக்கு பொதுவா 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. கண்ணால பாத்து ஊத்தாதீங்க, மருந்து ஊத்தற மூடி வச்சிக்கோங்க.

இப்ப பங்க்குல வர்ற பெட்ரோல் எத்தனால் கலந்தது, அது தண்ணிய இழுக்கும். கேன்ல மாசக்கணக்கா வச்சா அடியில தண்ணி தனியா பிரிஞ்சி நிக்கும். தேவையான அளவு மட்டும் வாங்குங்க, ரெண்டு வாரத்துக்கு மேல போட்டு எடுக்க மாட்டீங்கன்னா கார்புரேட்டர காலி பண்ணிடுங்க. எஞ்சின் காலுல ஒரு சாம்பல் கலர் உலோகக் கட்டி போல்ட் பண்ணியிருக்கும், ஆனோடு, உப்பு அத தான் மொதல்ல சாப்பிடணும், எஞ்சின சாப்பிடக்கூடாது. பாதி கரைஞ்சா மாத்திடுங்க. அது மேல பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க, ஒரு ஓனர் அழகா இருக்கட்டும்னு சேத்து அடிச்சி வச்சிருந்தாரு, எஞ்சின் காலு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு.

தப்பித்தவறி எஞ்சின் கடல்ல விழுந்துட்டா, தூக்கி கரைல வச்சி மெக்கானிக்க தேடாதீங்க. உப்புத்தண்ணியில ஊறுனத காத்துல விட்டா தான் துரு வேகமா புடிக்கும். நல்ல தண்ணி டிரம்ல முழுக்கி வச்சிட்டு அப்பறம் போன் பண்ணுங்க.

கடலோரக் கணக்கு:

எல்லாரும் அவுட்போர்டு அவுட்போர்டுன்னு பேசுறீங்க, தொழிலுக்குன்னா டீசல் லாங் டெயில் (நீளமான ராடு நுனியில ஃபேன் இருக்கற எஞ்சின்) தானே பெஸ்ட்? செலவு கம்மி, எந்த லோக்கல் மெக்கானிக்கும் பாப்பான், பார்ட்ஸும் கெடைக்கும்.

ஸ்பேனர் செட்:

தினம் தொழிலுக்கு போறவனுக்கு லாங் டெயில் தான், ஒத்துக்கறேன். ஆனா சத்தமும் அதிர்வும் ஜாஸ்தி, நீளமான ராடு பின்னாடி நீட்டிகினு இருக்கும், பழக்கம் இல்லாதவன் கைல குடுக்க பயமா இருக்கும். இவரு லீவு நாள்ல போறேன்றாரு. தம்பி தான் முழு நேரம் ஓட்டுவான்னா அவன் கைக்கு எது பழக்கமோ அத வாங்கட்டும், நாம இங்க உக்காந்து முடிவு பண்ண வேணாம்.

முகத்துவாரம்:

நெட்டுக்குப்பம்னு சொன்னதால எழுதறேன், நான் பக்கத்து குப்பம்.

ப்ரோ, போட்டு வாங்கறது ஈசி, முகத்துவாரம் தாண்டறது தான் கஷ்டம். கொசஸ்தலையாறு கடல்ல சேர்ற எடம், மணல் திட்டு மாசத்துக்கு ஒரு எடத்துல இருக்கும், போன மாசம் ஓட்டுன வழிய நம்பி இந்த மாசம் போவ முடியாது. தண்ணி வத்தும்போது ஆறு வெளிய தள்ளும், கடல் அலை உள்ள தள்ளும், ரெண்டும் மோதி செவுரு மாதிரி குட்டையா நிமுந்து நிக்கும், பாத்தா சின்ன அலை தான், அதுல தான் போட்டு கவுறும். தண்ணி ஏறும்போது போ, ஏறும்போது வா. முடியலேன்னா வெளியவே நங்கூரம் போட்டு வெயிட் பண்ணு, மீனு கெட்டா கெட்டுட்டு போவுது.

வெளிய போறப்ப அலைக்கு நேரா அணியத்த குடு, முட்டும்போது ஆக்சிலேட்டர கொஞ்சம் கொற, உச்சி தாண்டினதும் மறுபடி குடு. முழு ஸ்பீடுல ஏறினா போட்டு எகிறி பொத்துனு விழும், அடி பொளந்துடும். உள்ள வர்றது இதவிட டேஞ்சர். ஒரு அலையோட முதுக புடிச்சிகினு அது கூடவே வரணும், அத தாண்டி முந்தினா அணியம் கீழ குத்தும், பின்தங்கினா பின்னாடி வர்ற அலை உள்ள ஏறும். என்ன நடந்தாலும் சைட காட்டாத. எங்க அப்பா ஒன்னு சொல்வாரு, உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு பீடி புடிக்கற நேரம் நின்னு அலைய எண்ணுன்னு. பெரிய அலைங்க கூட்டமா வரும், அது போனதும் ஒரு சின்ன கேப் கெடைக்கும், அந்த கேப்ல தான் வரணும். நான் பீடி புடிக்க மாட்டேன், ஆனா அவ்ளோ நேரம் நிப்பேன்.

வல, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன் எல்லாத்தையும் பின்னாடி போடாதீங்க, எஞ்சினும் பின்னாடி, ஓட்டறவனும் பின்னாடி, போட்டு வால்ல உக்காந்துடும்.

காத்தும் நீரோட்டமும் தம்பிக்கு தெரிஞ்சிருக்கும், நீங்களும் கத்துக்கோங்க. தெக்கேருந்து வடக்க ஓடுனா தெண்டி, வடக்கேருந்து தெக்க ஓடுனா வன்னி. எஞ்சின் நின்னா எந்தப் பக்கம் அடிச்சிகினு போவீங்கன்றது இத தெரிஞ்சா தான் தெரியும். எங்க ஊர்ல இருந்து தெண்டியில அடிச்சிகினு போனா காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளின்னு கப்பல் வர்ற வழியில போய் நிப்பீங்க. கப்பல்காரன் கண்ணுக்கு நம்ம போட்டு தெரியவே தெரியாது.

ஆத்துக்குள்ள மட்டும் ஓட்டறேன், எறா நண்டு புடிக்கறேன்னு நெனச்சாலும் ஒன்னு இருக்கு. அனல் மின் நிலைய சாம்பல் படிஞ்சி ஆறு பல எடத்துல முட்டி ஆழம் தான். எஞ்சின் அந்த சாம்பத்தண்ணிய உறிஞ்சினா இம்பெல்லர் தேஞ்சிடும். கடல்ல ஓடுறவங்க வருசத்துக்கு ஒன்னு மாத்தினா நான் மூணு மாத்துறேன். மேடு வந்ததும் எஞ்சின தூக்கிட்டு கழி போடுங்க.

பழைய கட்டுமரம்:

முகத்துவாரம் தம்பி நல்லா சொன்னான். பேப்பர் பத்தி நான் சொல்லிடறேன்.

போட்டுக்கு மீன்வளத்துறை ரிஜிஸ்டர் நம்பர் இருக்கணும், ஐஎன்டி டிஎன்னு ஆரம்பிச்சி போட்டு சைடுலயே எழுதியிருக்கும். புக்குல இருக்கற நம்பரும் போட்டுல இருக்கறதும் ஒன்னான்னு பாரு, எஞ்சின் நம்பரயும் பாரு. மானியத்துல வாங்கின போட்டா எஞ்சினா இருந்தா விக்கறதுக்கு கண்டிஷன் இருக்கும், சொசைட்டியில லோன் பாக்கி இருக்கான்னும் ஆபீஸ்லயே நேர்ல போய் கேட்டுட்டு வா. பேரு மாத்தாம வெறும் வெள்ள பேப்பர்ல கையெழுத்து வாங்கிகினு போட்ட ஓட்டிகினு வராத, நாளைக்கு கடல்ல ஒன்னுன்னா இன்சூரன்ஸும் வராது, நிவாரணமும் பழைய ஓனர் பேர்ல போவும். உன் பேர்ல வாங்கறதவிட மீனவர் கார்டு இருக்கற உன் தம்பி பேர்ல வாங்கறது தான் நல்லது, வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க. ஊர் பஞ்சாயத்துலயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, கரையில எடம் குடுக்கறது அவங்க தான்.

வருசா வருசம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அது பெரிய விசைப்படகுக்கு, நம்ம ஃபைபருக்கு இல்ல. அதனால அந்த ரெண்டு மாசம் தான் சின்ன போட்டுக்கு மீனுக்கு நல்ல வெல கெடைக்கும், எவனும் நல்ல போட்ட விக்க மாட்டான். அந்த நேரத்துல வெல பேசாத, ரிப்பேருக்கும் குடுக்காத, காசிமேட்டுல இருக்கற தச்சன், பெயிண்டர், வெல்டர் எல்லாம் பெரிய போட்டு மேல ஏறிகினு இருப்பாங்க, உன்ன திரும்பி கூட பாக்க மாட்டாங்க.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்னு. எங்க ஆளுங்க அத தலவாணியா வச்சி தூங்குவாங்க, நீ அப்டி பண்ணாத. எஞ்சின் கில் சுவிட்ச் கயிறு கையில மாட்டணும், ஆளு தவறி விழுந்தா எஞ்சின் நிக்கணும், இல்ல அதுவே சுத்தி வந்து உன்ன அடிக்கும். ரெண்டு துடுப்பு, தண்ணி மொள்ள வாளி, டார்ச்சு, கத்தி. நங்கூரக் கயிறு ஆழத்த மாதிரி அஞ்சு மடங்காவது இருக்கணும். போன பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிக்கோ, கடலோர காவல்படை 1554, கடலோர போலீஸு 1093, ரெண்டையும் இப்பவே ஏத்திக்கோ.

டோல்கேட் பையன்:

அப்டேட் போடுறேன்.

ஞாயித்துக்கிழம காலைல தம்பியோட போனேன். அஞ்சு ரூவா காயின் எடுத்து தட்ட ஆரம்பிச்சதும் ஓனர் மொகமே மாறிடுச்சு. வலது பக்கம் அணியத்துக்கு கொஞ்சம் பின்னாடி ஒரு ரெண்டு அடிக்கு தொப் தொப்னு தான் சத்தம், எனக்கே தெரிஞ்சிது. தம்பி எஞ்சின் கால புடிச்சி ஆட்டினான், நான் பலகைய பாத்தேன், புது மஞ்ச பெயிண்ட்ல தலமுடி கனத்துக்கு ஒரு கோடு தெறந்து தெறந்து மூடுச்சு. ஸ்க்ரூ கழட்டலாமான்னு கேட்டேன், "இன்னாபா டாக்டரா நீ"ன்னாரு. கெஞ்சி ஒன்னு கழட்டினோம். டீத்தூள் கூட வரல, கருப்புத்தண்ணி ஒரு சொட்டு வந்து மஞ்ச பெயிண்ட் மேல கோடு போட்டு எறங்குச்சு. அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். ரெண்டு பேரும் ஒன்னும் பேசல.

எஞ்சின் மட்டும் தனியா குடுப்பீங்களான்னு தம்பி கேட்டான். முடியாதுன்னுட்டாரு.

அப்பறம் தாழங்குப்பத்துல தம்பிக்கு தெரிஞ்ச ஒருத்தரு போட்டு, 22 அடி, பெயிண்ட் பூரா வெளுத்துப்போய் பாக்க சகிக்கல, கீல்ல ரெண்டு எடத்துல புதுசா மேட்டு போட்டது பளிச்சுன்னு தெரியுது, அவரே "இங்க இங்க ஒட்டியிருக்கேன்"னு கை வச்சி காட்டினாரு. தெனம் கடலுக்கு போற போட்டு, கால் வலின்னு விக்கறாரு. தட்டினோம், ஒரே ஒரு வட்டம் தான். ஆறு பேர்ல ஏறுச்சு. எஞ்சின் 8 ஹெச்பி தான், ஜில்லுன்னு இருந்துச்சு, மூணாவது இழுப்புல எடுத்துச்சு, கியர் ஆயில் சுத்தமா இருந்துச்சு. 1,20,000 சொல்றாரு. தம்பி பேர்ல மாத்தறதா பேசியிருக்கோம், ஆபீஸ்ல பாக்கி ஒன்னும் இல்லன்னு சொன்னாங்க. எங்க அம்மாவுக்கு தான் இந்த போட்டோ புடிக்கல.

அவரே ஒரு ரவுண்டு கூட்டிட்டு போனாரு. முகத்துவாரத்துல நிறுத்தி அலை எண்ணினாரு, பீடியோட. வெளிய போய் அர மணி நேரத்துல நான் வாந்தி எடுத்து படுத்துட்டேன், தம்பி சிரிச்சிகினே வல இழுக்கறான். கட்டுமரக்காரன் பேரன்னு வெளிய சொல்லாதன்னுட்டான். இதுக்கு எதாவது வழி இருக்கா?

ரெசின் கை:

1,20,000க்கு ஓகே, 1,10,000 கேட்டு பாருங்க. ஒட்டின எடத்த அவரே காட்டறாருன்னா நல்ல மனுசன். அந்த ஒரு வட்டத்த மழைக்கு முன்னாடி கிரைண்ட் பண்ணி ஒட்டிடுங்க, அப்டியே விடாதீங்க.

பழைய கட்டுமரம்:

வாந்திக்கு வெக்கப்படாத தம்பி, நானும் மொத ஆறு மாசம் எடுத்தவன் தான். வெறும் வயித்துல போவாத, பழைய சோறு கொஞ்சம் துன்னுட்டு போ, எண்ணெய் பலகாரம் வேணாம். எஞ்சின் பொகை மூஞ்சில அடிக்கற எடத்துல உக்காராத, போட்டு நடுவுல உக்காரு, அங்க தான் ஆட்டம் கம்மி. குனிஞ்சி வலையையும் போனையும் பாத்துகினு இருக்காத. தலய தூக்கி கரையில தெரியற பவர் ஹவுஸ் சிம்னிய பாத்துகினே வா, அது ஒன்னு தான் அங்க ஆடாம நிக்கும்.